மூன்று லட்சத்தில் ஆட்டோ பைலட்: விலை சொல்லும் முன் சிலிண்டரை அளக்க வேண்டும்

தடைக்காலம் நெருங்கும் நாட்களில் எங்கள் கடைக்கு வருகிற படகுக்காரர்கள் முன்பெல்லாம் கயிறு, பெயிண்ட், தூண்டில் முள், பேட்டரி என்றுதான் கேட்பார்கள். பிறகு ஜி.பி.எஸ். வந்தது, எக்கோ சவுண்டர் வந்தது, வயர்லெஸ் வந்தது. இப்போது ஆட்டோ பைலட் கேட்கிறார்கள். சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

“அண்ணாச்சி, கையில மூணு லட்சந்தான் இருக்கு. அதுக்குள்ள ஒரு ஆட்டோ பைலட் முடிச்சுத் தாங்க. இனி ராவெல்லாம் வீல் பிடிக்க ஏலாதுன்னு ஸ்ராங்கு சொல்லிட்டாரு.”

தாளில் மூன்று கம்பெனிகளின் பெயர்களும் மூன்று விலைகளும் இருந்தன. எது மலிவோ அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார். பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பில் போடுவது எங்களுக்கு ஐந்து நிமிட வேலை. நாங்கள் அப்படிச் செய்யவில்லை. “படகு எங்கே கிடக்கிறது?” என்று கேட்டோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடல் சாமான் கடை நடத்துகிறவர்கள் நாங்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை பகுதிப் படகுகள்தான் எங்கள் வாடிக்கை. ஊர் குமரி மாவட்டமானாலும் தொழில் நடப்பது கொச்சி, முனம்பம், மங்களூர் என்று மேற்குக் கரை முழுவதும். 60 அடி முதல் 80 அடி வரை நீளமுள்ள படகுகள். சூரைக்கும் சுறாவுக்கும் தூண்டிலும் வலையும் ஏற்றிக்கொண்டு போனால் ஒரு மாதம், நாற்பது நாள் கழித்துத்தான் கரை. அதில் மீன்பிடிக்கும் நேரம் ஒரு பங்கு, ஓடும் நேரம் ஒரு பங்கு. அந்த ஓட்டத்தில் இரவும் பகலும் யாராவது ஒருவர் வீலைப் பிடித்துக்கொண்டு கம்பாஸ் முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். மறுநாள் தூண்டில் இழுக்க வேண்டியவரும் பெரும்பாலும் அவரேதான்.

இது கடல் சாமான் விற்கும் உறுப்பினர்களுக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. பேட்டரிக் கடைக்காரர்களுக்கும், ஒயரிங் சாமான் விற்பவர்களுக்கும், குறிப்பாகப் படகுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் கரையில் காத்திருக்கும் மீன் மொத்த வியாபாரிகளுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ஒரு தங்கல் பாதியில் திரும்பினால் யார் யாருடைய கணக்கில் பாக்கி நிற்கும் என்று நம் உறுப்பினர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எங்கள் கை சுட்ட கதை

சில ஆண்டுகளுக்கு முன் இதே போல ஒரு வாடிக்கையாளர் வந்தார். நல்ல மனிதர், ரொக்கமாகவே கொடுத்தார். நாங்களும் நல்ல பெயருள்ள பெட்டியைத்தான் வரவழைத்துக் கொடுத்தோம். பம்ப் மட்டும் அந்தக் கம்பெனியின் சிறிய அளவு. அதில்தான் விலை இறங்கியது. படகு 72 அடி என்று தெரியும். சிலிண்டர் என்ன அளவு என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அமைதியான கடலில் எல்லாம் சரியாகவே போயிருக்கிறது. பதினோராம் நாள் பின்னாலிருந்து அலை தள்ள ஆரம்பித்ததும் படகு வலமும் இடமுமாகப் பாம்பு போல ஓடியிருக்கிறது. சுக்கான் போய்ச் சேருவதற்குள் அணியம் வேறு பக்கம் திரும்பிவிடும். அதைத் திருப்பப் பம்ப் மறுபடியும் ஓடும். இப்படி ஓய்வில்லாமல் ஓடி ஓடி, இரண்டாம் இரவில் மோட்டார் சுருள் கருகிவிட்டது. நல்லவேளையாகக் கை வீல் வேலை செய்தது. ஆனால் ஆட்டோ பைலட்டை நம்பி அந்தத் தங்கலுக்கு ஓர் ஆளைக் குறைத்துக்கொண்டு போயிருந்தார்கள். மீதி நாட்களில் மூன்று பேர் மாறி மாறி வீல் பிடித்திருக்கிறார்கள். குளிர்பெட்டி நிறைவதற்குள் படகு திரும்பிவிட்டது.

அந்தப் பம்பை நாங்கள் திரும்ப எடுத்துக்கொண்டோம். பெரிய பம்ப் ஒன்றை வாங்கிய விலைக்கே கொடுத்தோம். அதோடு எங்கள் நட்டம் முடிந்தது. முன்பணம் கொடுத்திருந்த மீன் வியாபாரி நண்பருடைய நட்டம் அத்தோடு முடியவில்லை. கம்பெனிப் பெட்டியில் குற்றம் எதுவும் இல்லை. விற்ற எங்களிடம்தான் குற்றம்.

நான்கு உறுப்புகள்

ஆட்டோ பைலட் என்றால் படகுக்காரர் மனதில் வருவது வீல் ஹவுஸில் மாட்டும் அந்தத் திரை. உண்மையில் அது பட்டன் பலகை. அதற்குப் பின்னால் வேறு மூன்று உறுப்புகள் உண்டு. படகின் தலை எந்தத் திசையில் நிற்கிறது என்று சொல்லும் மின் கம்பாஸ் ஒன்று. சுக்கான் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்லும் சென்சார் ஒன்று. சுக்கானைத் திருப்பும் தசையாகிய பம்ப் அல்லது மோட்டார் ஒன்று. இவற்றை எல்லாம் ஒரு கணினிப் பெட்டி கட்டி மேய்க்கிறது.

கணினிப் பெட்டியின் சாமர்த்தியம் பற்றி இன்று பெரிதாகக் கவலைப்பட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அந்தக் கணக்கு நூறு வருடத்துக்கு முன்பே பிடிபட்டுவிட்டது. மினோர்ஸ்கி என்ற பொறியாளர் 1922-இல் அதை எழுதி வைத்தார். நியூ மெக்சிகோ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் சோதனையும் நடந்தது. அவர் செய்தது வேறொன்றுமில்லை, நல்ல மாலுமி எப்படி வீல் பிடிக்கிறான் என்று பார்த்தார். திசை எவ்வளவு விலகியது என்று மட்டும் அவன் பார்ப்பதில்லை. எவ்வளவு வேகமாக விலகுகிறது, எவ்வளவு நேரமாக விலகியே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறான். நம் ஸ்ராங்கு உள்ளங்கையால் செய்வதும் இதே கணக்குத்தான். இன்று பெயருள்ள எந்தக் கம்பெனியின் பெட்டியும் அதை ஒழுங்காகச் செய்யும். பெட்டிக்குப் பெட்டி விலை ஏறுவது பெரும்பாலும் திரையின் அளவுக்கும், கலருக்கும், கம்பியில்லா ரிமோட்டுக்கும்தான்.

ஆகவே சிக்கனம் செய்ய வேண்டுமானால் திரையில் செய்யலாம். பம்பில் செய்யக் கூடாது.

சிலிண்டர் கணக்கு

முதலில் படகில் என்ன ஸ்டியரிங் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய மரப்படகுகளில் சங்கிலியும் ஒயர் ரோப்பும் போட்டிருப்பார்கள். அதற்குச் சங்கிலியில் கோக்கும் மோட்டார் வகை கிடைக்கும். ஆனால் ரோப் தளர்ந்து கிடக்கும் படகில் எந்த மோட்டார் போட்டாலும் நேராக ஓடாது. அப்படிப்பட்டவரிடம் “முதலில் ஹைட்ராலிக் ஸ்டியரிங்குக்கு மாறுங்கள், ஆட்டோ பைலட்டை அடுத்த தடைக்காலத்தில் பார்க்கலாம்” என்று சொல்லிவிடுவது நல்லது. விற்பனை ஒரு வருடம் தள்ளிப் போகும், வாடிக்கை போகாது.

பெரிய படகுகள் சிலவற்றில் இன்ஜினில் ஓடும் பம்பும் சோலனாய்டு வால்வும் கொண்ட பவர் ஸ்டியரிங் இருக்கும். அவருக்கு அதிர்ஷ்டம்தான். தனிப் பம்ப் வேண்டாம். வால்வைத் திறந்து மூடும் வசதியுள்ள கணினிப் பெட்டி போதும். பட்டியலைப் பார்த்து இவருக்கும் ஒரு பம்பைத் தலையில் கட்டுகிற கடைகள் இல்லாமல் இல்லை.

நம் படகுகளில் நிறையப் பார்ப்பது கையால் சுற்றும் ஹைட்ராலிக் வீல். வீலுக்குப் பின்னால் ஒரு சிறு பம்ப், பின்பக்கம் சுக்கான் கையைத் தள்ளும் சிலிண்டர். இதற்கு இரண்டு பக்கமும் சுற்றும் மின்பம்ப் வேண்டும். எத்தனை லிட்டர் பம்ப் என்பதைப் படகின் நீளம் சொல்லாது, சிலிண்டர்தான் சொல்லும்.

ஓர் உதாரணம். உள்விட்டம் 50 மில்லிமீட்டர், தண்டு 20 மில்லிமீட்டர், தண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகரும் தூரம் 250 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்டு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் வகை. விட்டத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, 5-இன் வர்க்கத்திலிருந்து 2-இன் வர்க்கத்தைக் கழித்தால் 21. அதை 0.785-ஆல் பெருக்கினால் 16.5. தூரமாகிய 25-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 412 சி.சி. இதுதான் சுக்கான் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகத் தேவையான எண்ணெய்.

ஏழு, எட்டு நாட் வேகத்தில் ஓடும் கனத்த படகுக்கு இந்தத் திருப்பம் 15 விநாடிக்குள் முடிந்தால் நல்லது. 412-ஐ 15-ஆல் வகுத்தால் விநாடிக்கு 27.5 சி.சி.; நிமிடத்துக்கு 1.65 லிட்டர். ஆக இந்தப் படகு கேட்பது ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட பம்ப். ஒரு லிட்டர் பம்பைக் கொடுத்தால் அதே திருப்பத்துக்கு 25 விநாடி ஆகும். நாங்கள் அன்று செய்தது இதுதான். அந்தப் பத்து விநாடி வித்தியாசத்தில்தான் படகு பாம்பாக ஓடியது.

அப்படியானால் பெரிதாகவே போட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அதுவும் கூடாது. அளவுக்கு மிஞ்சிய பம்ப் சுக்கானை வெடுக்கென்று தள்ளும், வேண்டிய இடத்தைத் தாண்டும், திரும்ப வரும், மறுபடி தாண்டும். பேட்டரியும் காலி, சுக்கான் புஷ்ஷும் தேய்மானம்.

சிலிண்டரை அளக்க முடியாத இடுக்கில் வைத்திருந்தால் இன்னொரு வழி உண்டு. வீல் பம்பின் மேல் ஒரு சுற்றுக்கு எத்தனை சி.சி. என்று அடித்திருப்பார்கள். வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றி எண்ண வேண்டும். ஒரு சுற்றுக்கு 40 சி.சி., மொத்தம் 10 சுற்று என்றால் 400 சி.சி. இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நிம்மதியாக ஆர்டர் போடலாம். தண்டு ஒரு பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டரானால் அதை ஆர்டரிலேயே எழுத வேண்டும். எல்லாப் பம்பும் அதற்கு ஒத்து வராது. வீல் பம்பில் திரும்பவிடாத வால்வு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் மின்பம்ப் தள்ளும் எண்ணெய் சுக்கானை விட்டுவிட்டு வீலைச் சுற்ற ஆரம்பிக்கும். கடலில் வீல் தானாகச் சுற்றுவதைப் பார்த்து ஆவி என்று பயந்த பையன்களும் உண்டு.

பொருத்திய பிறகு எண்ணெய்க் குழாயில் காற்று நிற்கக் கூடாது. “சார், பெட்டி சரியில்லை” என்று எங்களிடம் வந்த புகார்களில் பாதிக்கு மேல் காற்று எடுக்காத குழாய்தான். மெக்கானிக் அவசரப்பட்டால் நாம் அவசரப்படக் கூடாது.

ஒயரும் கம்பாஸும்

பேட்டரிக் கடை உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 12 வோல்ட் பம்ப் ஒன்று பாரத்தில் 15 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரியிலிருந்து பம்புக்கு 10 மீட்டர் தூரம் என்று கொள்வோம். போக வர 20 மீட்டர் ஒயர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் வழியிலேயே இரண்டு வோல்ட் போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் முக்கால் வோல்ட்டுக்குச் சற்று மேல். 10 போட்டால் அரை வோல்ட். இரண்டு வோல்ட் குறைந்தால் பம்ப் முக்கி முனகும், கணினிப் பெட்டி அணைந்து அணைந்து எரியும். அதுவும் சுக்கான் அதிகம் வேலை செய்யும் நேரத்தில், அதாவது கடல் மோசமான நேரத்தில்தான் அணையும். லட்ச ரூபாய்ச் சாமானை வாங்கிவிட்டு ஒயரில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். படகில் 24 வோல்ட் இருந்தால் 24 வோல்ட் பம்பே வாங்குவது நல்லது. ஆம்பியர் பாதியாகக் குறையும்.

கம்பாஸ் சென்சார் இன்னொரு தொல்லை. மரப்படகிலும் ஃபைபர் படகிலும் படகின் நடுப்பகுதியில், குலுக்கல் குறைந்த இடத்தில் தாழ்வாக மாட்டினால் போதும். இரும்புப் படகின் உள்ளே மாட்டினால் அது காட்டுவது படகின் இரும்பைத்தான், வடக்கை அல்ல. வீல் ஹவுஸுக்கு மேலே, இரும்பை விட்டு விலகி, மரத்தாங்கியில் உயர்த்தி வைக்க வேண்டும். பணம் இருப்பவர் செயற்கைக்கோள் கம்பாஸ் வாங்கிக்கொள்ளலாம். அதைக் காந்தம் பாதிக்காது. மரப்படகுக்காரரிடம் அதை விற்பது அநியாயம்.

சாதாரண ஜி.பி.எஸ். இருக்கிறதே, கம்பாஸ் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஜி.பி.எஸ். சொல்வது படகு நகரும் திசையை. தலை நிற்கும் திசை வேறு. நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டும் ஒன்றாக இராது; மெதுவாக ஓடும்போது ஜி.பி.எஸ். திசை கண்டபடி அலையும். இரண்டும் வேண்டும். கடையில் வாங்கிய பழைய ஜி.பி.எஸ்.ஸிலேயே தகவல் வெளியே வரும் ஒயர் இருக்கும். இரண்டு கம்பியை ஆட்டோ பைலட்டோடு சேர்த்தால் குறித்த இடத்தை நோக்கி ஓட்டவும் செய்யலாம். இதற்காகப் புதிய திரை வாங்க வேண்டியதில்லை.

பொருத்தியதும் அமைதியான தண்ணீரில் படகை மெதுவாக வட்டமடித்துக் கம்பாஸைச் சரி செய்ய வேண்டும். ஒரு படகில் இதெல்லாம் ஒழுங்காகச் செய்தும், நடுக்கடலில் திசை இருபது டிகிரி தப்பியது. போனில் எங்களைத் திட்டினார்கள். திரும்பி வந்தபின் பார்த்தால், பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுபோய்ச் சென்சாருக்குப் பக்கத்துப் பலகையில் வைத்திருக்கிறார்கள். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு சென்சார் மேல் “இரும்பு, ஸ்பீக்கர் வைக்காதே” என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்புகிறோம்.

சுக்கான் சென்சார் இல்லாமலே ஓடும் மாடல்களும் வந்திருக்கின்றன. விலை குறையும், மாட்டவும் சுலபம். சிறிய வேகப் படகுகளுக்குச் சரி. மெதுவாகத் திரும்பும் கனத்த படகுக்குச் சென்சார் இருப்பதையே நாங்கள் விரும்புகிறோம். அதன் சிறு கையும் சுக்கான் கையும் இணையாக நிற்கும்படி மாட்டி, இணைப்பு ஆணிக்குக் கிரீஸ் வைத்தால் அது பாட்டுக்கு உழைக்கும்.

டீசல் மிச்சம் என்னும் பேச்சு

விற்பனைக்கு வருகிறவர்கள் “டீசலில் பெரிய மிச்சம், இரண்டே வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும்” என்பார்கள். இதை நாங்களும் ஒரு காலத்தில் கிளிப்பிள்ளை போலச் சொல்லியிருக்கிறோம். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வீல் பிடிப்பவர் தூக்கக் கலக்கத்தில் எப்போதும் பத்து டிகிரி விலகியே ஓட்டுகிறார் என்று வைத்தாலும், கூடுதலாக ஓடும் தூரம் நூற்றுக்கு ஒன்றரைதான். போக வர 1,000 கடல் மைல் என்றால் 15 மைல். ஏழரை நாட் வேகத்தில் இரண்டு மணி நேரம். மணிக்கு 20 லிட்டர் குடிக்கும் இன்ஜினானால் 40 லிட்டர். சுக்கானை அதிகம் ஆட்டுவதால் வரும் இழுவையைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு தங்கலில் செலவாகும் ஆயிரக்கணக்கான லிட்டருக்கு முன்னால் இது கைச்செலவுதான். இதைச் சொல்லி விற்றால் அடுத்த வருடம் வாடிக்கையாளர் கணக்கோடு வந்து நிற்பார்.

உண்மையான மிச்சம் மனித உடம்பில். வீல் பிடிப்பவர் கையும் முதுகும் ஓய்கின்றன. தூண்டில் இழுக்கும் நேரத்தில் தெம்போடு இருக்கிறார். இதற்கு விலை போட முடியாது. அதனால் டீசலைச் சொல்கிறார்கள்.

பழைய சாமான் பற்றியும் ஒரு வார்த்தை. குஜராத்தில் அலங் கப்பல் உடைக்கும் தளத்திலிருந்து வரும் ஆட்டோ பைலட் பெட்டிகளைக் காட்டி, “ஜப்பான் சாமான், பாதி விலை” என்று கேட்கிறார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். பெரிய கப்பலின் பெட்டி கைரோ கம்பாஸை நம்பி வேலை செய்வது. சுக்கானைத் திருப்புவது கப்பலின் சொந்த எந்திரம். பெட்டி கட்டளை மட்டும் கொடுக்கும். நம் படகில் கட்டளையை வாங்கிக்கொள்ள ஆளே இல்லை! அலங்கிலிருந்து கயிறும் நங்கூரச் சங்கிலியும் தாராளமாக வாங்கலாம். இதை வாங்க வேண்டாம். எந்தக் கம்பெனி என்று முடிவு செய்ய எங்களுக்கு ஒரே அளவுகோல்தான்: கொச்சியிலோ மங்களூரிலோ அந்தக் கம்பெனியின் உதிரியோடு ஒரு மெக்கானிக் கூப்பிட்ட அன்றே வருவாரா? வருவார் என்றால் இரண்டாம் தரப் பெயரானாலும் சம்மதம்.

காவல் ஆள்

மே மாதம் வந்த அந்த வாடிக்கையாளரிடம் நாங்கள் கண்டிப்பாகப் பேசிய விஷயம் ஒன்று உண்டு. “இதப் போட்டா ஒரு ஆள் குறைச்சிரலாம்ல அண்ணாச்சி?” என்று கேட்டார். “தம்பி, ஆளைக் குறைப்பதாக இருந்தால் வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்” என்றோம். கொஞ்சம் முகம் சுண்டிப் போனார்.

ஆட்டோ பைலட்டுக்குக் கண் கிடையாது. எதிரே கப்பல் வந்தாலும் அது சொன்ன திசையில் பிடிவாதமாக ஓடும். சர்வதேசக் கடல் விதிகளில் 5-ஆவது விதி எந்நேரமும் கண்ணாலும் காதாலும் காவல் இருக்க வேண்டும் என்கிறது. கருவி இருந்தால் தூங்கலாம் என்று அதில் விலக்கு ஏதும் இல்லை. 2018 ஆகஸ்டில் முனம்பத்திலிருந்து போன ‘ஓஷியானிக்’ படகின் மேல் விடியுமுன் கப்பல் மோதியதையும், அதில் நம் குமரிக் கரைக் குடும்பங்கள் பட்ட பாட்டையும் இங்கே யாரும் மறக்கவில்லை. 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் இன்னொரு படகு அப்படியே போனது. அந்த விபத்துகளை எந்தக் கருவியோடும் நாங்கள் முடிச்சுப் போடவில்லை. நம் படகுகள் ஓடுவது கப்பல் பாதை. அங்கே இரவில் ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தாலும் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறோம்.

வீலைக் கையில் பிடித்து நிற்பவர் தூங்கினால் படகு திசை மாறும், இன்ஜின் சத்தம் மாறும், யாராவது எழுந்துவிடுவார்கள். ஆட்டோ பைலட்டில் காவலர் தூங்கினால் எதுவும் மாறாது. படகு தாலாட்டுப் போல ஓடிக்கொண்டே இருக்கும். எங்களிடம் வாங்கிய ஸ்ராங்கு ஒருவர் சொன்னதைக் கேளுங்கள்: “கண்ணத் தொறந்தேன் அண்ணாச்சி. கண்ணாடிக்கு வெளிய நட்சத்திரத்தக் காணோம். என்னடான்னு பாத்தா, கப்பலோட பக்கச் சுவரு.” பிழைத்து வந்தார். அதைக் கடையில் உட்கார்ந்து சொல்லும்போது அவர் கையிலிருந்த டீ தம்ளர் ஆடியது.

அன்றிலிருந்து காவல் அலாரம் இல்லாமல் நாங்கள் ஆட்டோ பைலட் விற்பதில்லை. பெரிய கப்பல்களில் 3 முதல் 12 நிமிடத்துக்கு ஒரு முறை பட்டனை அழுத்தாவிட்டால் மணி அடிக்கும் ஏற்பாடு உண்டு. சில ஆட்டோ பைலட்டுகளிலேயே இந்த வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் தனியாக மாட்டலாம். மணியைத் தொழிலாளர் படுக்கும் இடத்தில் வைக்க வேண்டும், பட்டனை நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பக்கத்தில் வரும் கப்பலைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி ஏற்கெனவே இருந்தால் அதன் அலாரத்தையும் உரக்க வைக்கச் சொல்கிறோம்.

ஒன்றை விட்டுவிட்டோம். தூண்டில் இழுக்கும்போது படகு இரண்டு நாட் வேகத்துக்குக் கீழே ஊர்ந்தால் சுக்கானுக்குப் பிடிமானம் இராது. அப்போது ஆட்டோ பைலட் உதவாது, கை வீல்தான். இதை முன்பே சொல்லிவிட்டால் பின்னால் தகராறு இல்லை.

மே மாதத்து வாடிக்கையாளரின் கதைக்கு வருவோம். படகு மரப்படகு, கையால் சுற்றும் ஹைட்ராலிக், சிலிண்டர் ஏறக்குறைய மேலே சொன்ன உதாரண அளவுதான். அவர் வட்டம் போட்டிருந்த மலிவான பெட்டியின் பம்ப் ஒரு லிட்டர். அதை அடித்துவிட்டோம். இரண்டாவது கம்பெனியில், கலர் திரையும் ரிமோட்டும் இல்லாத மாடலை எடுத்து, சரியான பம்பும் சுக்கான் சென்சாரும் சேர்த்தோம். கையிலிருந்த தொகையில் நாலில் ஒரு பங்கை ஒயர், ஃபியூஸ், குழாய், எண்ணெய், அலாரம், மெக்கானிக் கூலி ஆகியவற்றுக்கு முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். மோட்டாருக்கு உதிரி கார்பன் பிரஷ் ஒரு ஜோடியும் சீல் செட்டும் பையில் போட்டுக் கொடுத்தோம். கொஞ்சம் பாக்கி விழுந்தது. பாதித் தொகை முன்பணம், மீதி கடலில் ஓட்டிப் பார்த்த பிறகு என்று எழுதிக்கொண்டோம். இந்த ஏற்பாடு வாங்குபவருக்கும் தைரியம், மெக்கானிக்குக்கும் பயம்.

நம் மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகு கரையேறிக் கிடக்கும் அந்த நாட்களில் சிலிண்டரை அளந்து, ஜூன் முதல் வாரத்தில் ஆர்டர் போட்டால், ஜூலைக் கடைசியில் துறைமுகத்துக்குள்ளேயே வட்டமடித்துப் பார்த்துவிடலாம். ஜூலை இருபதுக்கு மேல் ஓடி வருகிறவரிடம் இந்த வருடம் வேண்டாம் என்றே சொல்கிறோம்.

அவர் ஆகஸ்டில் போனார், செப்டம்பரில் வந்தார். பாக்கியைக் கொடுத்துவிட்டு, ஆளைக் குறைக்கவில்லை என்று தாமாகவே சொன்னார். அலாரம் மட்டும் தொல்லையாக இருக்கிறதாம், ஸ்ராங்கு முறைக்கிறாராம். முறைக்கட்டும்.

சிலிண்டர் அளவெடுக்கும் முறையை நேரில் பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கடைக்கு வரலாம். பழைய சிலிண்டர் ஒன்றும் காலிப்பரும் மேசைமேலேயே இருக்கின்றன. கருகிப்போன அந்தப் பம்பும் இருக்கிறது.